ஒரு சுண்டின் எடை

12 மார்ச் 2005, சனி. கட்சால் தீவு, நிக்கோபார்.

சுனாமி முகாம் சமையலுக்கு அரிசியைச் சுண்டில்தான் அளப்போம். பால்டின்தான் எங்கள் சுண்டு. ஸ்டோர் பாபு, "சுண்டெல்லாம் நஹி சலேகா, கிலோவுல எழுதுங்க" என்றார். கடைத் தராசில் ஒரு சுண்டை நிறுத்து, அடுத்த பத்து நாளுக்கு வேண்டிய அரிசியைக் கிலோவில் பெருக்கி எழுதிக் கொடுத்தேன். நேற்று கப்பலோடு அந்தச் சீட்டும் போய்விட்டது.

இன்று மாலை, கூடச் சமைக்கும் செல்லம்மா அக்கா கேட்டாள்:

"அன்னைக்கு எத எடை போட்ட?"

"மாவு. சுண்டு ஒண்ணுதானே?"

"மாவு லேசு புள்ள. அரிசி கனக்கும்."

நிறுத்துப் பார்த்தோம். பத்து நாளுக்கென்று நான் எழுதிய அரிசி ஆறு நாளுக்குத்தான் வரும். அது வந்தபின் அடுத்த கப்பல் எப்போதென்று யாருக்கும் தெரியாது. முகாமில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. நாளை முதல் சுண்டைக் குவிக்காமல் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். குறைவு முதலில் என் பிள்ளைகள் தட்டில் விழட்டும்.