உன் உயரத்தில் நின்றுபோன ஸ்டிக்

அன்புள்ள அக்கா,

மலையேறும் ஸ்டிக் யாருடைய உயரத்துக்கு இருக்க வேண்டும்? பிடித்து நடப்பவருக்கா, வைத்துவிட்டுப் போனவருக்கா? எனக்குத் தெரியவில்லை. நான் படித்த எம்.எஸ்ஸி. இயற்பியலில் முதல் பாதிக்கு மட்டும்தான் விடை இருக்கிறது.

நீ கண்ணை மூடியபின் மாமா வீட்டைவிட்டு இறங்குவதில்லை. இத்தனை நாளும் மனைவி உனக்குப் பயந்துதான் நடந்தார் போலிருக்கிறது. முழங்கால் இறுகிக்கொண்டே வருகிறது, இப்போது நடக்காவிட்டால் பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹடப்சரில் என் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் கோந்த்வாவில் உங்கள் வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். நான் கெஞ்சி நீ பார்த்ததில்லை. பார்க்க நன்றாகவும் இருக்காது.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில், நம் டேக்டியில், ஏறினால் உன் ஸ்டிக் ஜோடியோடுதான் ஏறுவாராம், நீ திருகி வைத்த அளவை மாற்றாமல். நீ என்னைவிடவே ஒரு சாண் குட்டை. அவரோ கதவு நிலையில் தலை இடிப்பவர். அதை ஊன்றி அவர் நடந்தது, கீழே விழுந்த சாவியைத் தேடுவது மாதிரி இருந்தது. பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

புது ஜோடி வாங்கக் கடைக்கு இழுத்துப்போனேன். நிமிர்ந்து நின்று ஊன்றும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், ஏறும்போது நீளத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இறங்கும்போது கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று கடைக்காரர் ஹிந்தியில் விளக்கினார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது. சாகண் தொழிற்சாலையில் ஷாக் அப்சார்பர்களை அழுத்திப் பார்த்து ஒதுக்கியே ஓய்வுபெற்றவர் அவர் என்பதை மறந்துவிட்டேன். ஸ்பிரிங் வைத்த ஸ்டிக்கை இரண்டு தடவை அழுத்திவிட்டு, திரும்பி வரும் வேகம் சரியில்லை என்றார். கார்க் பிடி உதிருமாம். ரப்பர் பிடி வியர்க்குமாம். அடுத்த தடவை நீங்கள் மட்டும் வாருங்கள் மேடம் என்று கடைக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இன்று நேராகவே பேசிவிட்டேன்.

"அக்கா வெச்சது அக்கா உசரத்துக்குங்க மாமா. அவங்கவங்க உசரத்துக்கு வெக்கோணும்னுதான் இதுல திருகே இருக்குது."

"உங்கக்கா கை வெச்ச அளவு, அம்மிணி. மாத்திட்டா அப்புறம் எங்க போயித் தேடறது?"

எழுந்து உன் அலமாரியைத் திறந்தேன். சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. வெளிக்குழாய் முடிந்து உள்குழாய் தொடங்கும் இடத்தில், இரண்டு ஸ்டிக்கிலும் சுற்றி ஒரு கோடு போட்டேன். எப்போது வேண்டுமானாலும் இங்கே திரும்பி வரலாம் என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கோடு கோணலா இருக்குது" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

திருகினால் அசையவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கார், மிக்ஸியோடு உன் ஸ்டிக்குக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாரே, சரியாகத் திருகுப் பூட்டின் மேலேயே? அது உள்ளே இறங்கிச் சிமெண்டாகியிருந்தது. அக்கா, அது நீ வைத்த அளவா, சந்தனம் வைத்த அளவா? இதை அவரிடம் நான் கேட்கவில்லை.

வெந்நீரில் நனைத்து, அவர் ஒரு முனையும் நான் மறுமுனையுமாக இழுத்தோம். குப்பை வைக்க வந்த எதிர்வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கழன்று வந்தபோது நான் சோபாவில் விழுந்தேன். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காற்றாட வைத்தேன். மாமா தையல் மெஷின் எண்ணெயோடு வந்தார். எண்ணெய் பட்டால் பூட்டு பிடிக்காது, டேக்டியிலிருந்து உட்கார்ந்தபடியேதான் இறங்குவீர்கள் என்று சொல்லிப் பிடுங்கி வைத்தேன். உலர்ந்ததும் அவர் முழங்கை செங்கோணத்தில் மடங்கும்வரை இரண்டையும் நீட்டிப் பூட்டினேன்.

இனி மழையில் நனைந்த ஒவ்வொரு தடவையும் பிரித்துத் துடைத்து உலர்த்துவேன். ஆயுத பூஜையன்று காவலுக்கு நிற்பேன். நாளை அவரை மேலே ஏற்றிவிடுவேன் என்று சொல்லமாட்டேன், நீயும் நம்பமாட்டாய். கூடப் போவேன்.

உன்னைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்ட தங்கை,
கௌசி

மறுநாள் சேர்த்தது:

கிளம்பும்போது பார்த்தால் ஸ்டிக்கில் புதுச் சந்தனம். திட்ட வாயெடுத்தேன். ஆனால் பூட்டைவிட்டு வெகுதூரத்தில், கைப்பிடியின் உச்சியில் வைத்திருந்தார். நிமிர்ந்தே ஏறினார். நீங்கள் இருவரும் உட்காரும் கல்லில் உட்கார்ந்து, இரண்டையும் திருகிச் சிவப்புக் கோடுவரை இறக்கி, பக்கத்தில் சாய்த்து வைத்தார். நான் தள்ளிப்போய், அவிழாத ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியதும் எழுந்தார். "எறங்கறப்போ கொஞ்சம் கூட்டோணும்னு கடைக்காரன் சொன்னானல்ல அம்மிணி?" என்று கேட்டுவிட்டு, தன் உயரத்துக்கான அளவுக்கும் மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டார்.