ஏழு என்ன பாவம் பண்ணுச்சு?

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சுட வைக்கவாவது தெரியும்ல, கணக்குப் புலிக்கு?

பொண்ணு பிறந்தநாளுக்கு ரெண்டாயிரத்தைத் தாண்டக்கூடாதுன்னு சொன்னது நீங்க. கேக் எண்ணூறு, சாப்பாடு தட்டுக்கு நூத்தம்பது.

800 + 150x ≤ 2000
x ≤ 8

கணக்கை அவ சரியாத்தானே போட்டா? அப்புறம் ஏழு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டதுக்கு, "விடை எட்டு, ஏழு எங்கருந்து வந்துச்சு?"ன்னு அந்தக் கத்து கத்துறீங்க! எட்டுக்கு மேலதான் போகக்கூடாது. கீழ நிக்கறதுக்குமா உங்ககிட்ட அனுமதி வாங்கணும்?

அழுது அழுது அவ முகமே வீங்கிப்போச்சு. கடைத்தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். வெளிய கிளம்பினா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க.

பி.கு: செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறந்தா. அவளுக்கும் எனக்கும் கேக்கே போதுமாம். எட்டாவது தட்டு அப்பாவுக்காம்.