செங்கல் பொடியும் உன் முன்பல்லும்

அக்கா,

காலையிலிருந்து வாசலில் புளி தட்டுகிறார்கள். அந்த வாசம் என் பாடப் புத்தகத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. இது வந்தாலே எனக்கு உன்மேல் எரிச்சல் வருகிறது. போய்ச் சேர்ந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. கோபம் வரும்படி நடந்துகொண்டது நீயல்லவா?

புளி தட்டும் பெண்கள் எல்லோரும்தான் ஒரு சுளையை வாயில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் துப்பிவிடுவார்கள். நீ ஓர் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கினால் பொழுது சாயும்வரை அது அங்கேயே கிடக்கும். உனக்கு மாப்பிள்ளை பேச ஆரம்பித்தபோதுதான், உன் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதை அம்மா கண்டாள்.

"இதென்ன அம்மிணி, பல்லுல தேமலாட்ட இருக்குது? வாரவங்க வெண்குஷ்டம்னு சொல்லிப் போட்டுப் போயிருவாங்களே!"

செங்கலை இடித்துத் துணியில் சலித்து உன் கையில் கொடுத்தாள். நீயும் புளி துப்பிய வாயோடு, பித்தளைக் குடம் விளக்குவதுபோல் தேய்த்தாய். புள்ளி போகவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டால் கூசியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தாய்.

அந்தச் சமயத்தில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அப்பா என்னைச் சேலத்துக்கு அழைத்துப்போனார். துணைக்கு நீ. ஓமலூரில் ரயிலேறினோம். நான் அழ, நீ சிரித்தாய். பல் டாக்டர் உன் பல்லைப் பார்த்துவிட்டார். நாற்காலியில் உன்னை உட்காரவைத்து அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்.

"இது சொத்தை இல்லை, சொத்தைக்கு முந்தின நிலை. பல்லின் மேல்பூச்சிலிருந்த சுண்ணச்சத்தைப் புளிப்பு கரைத்திருக்கிறது. பூச்சு இன்னும் உடையவில்லை. உடைந்தால் திரும்ப வளராது. இப்போது சுரண்டாமல் விட்டால், எச்சிலில் உள்ள சத்தே மெல்ல மெல்லத் திரும்பப் போய்ச் சேரும்."

புளி கூடாது, செங்கல் கூடவே கூடாது, சாப்பிட்டதும் கொப்பளிக்க வேண்டும், பாலும் கேழ்வரகும் சேர்க்க வேண்டும், நைசான சீமைச்சுண்ணாம்புப் பொடியால் மெதுவாகத் துலக்க வேண்டும் என்றார். நீ கேட்டாயே ஒரு கேள்வி!

"ஏனுங்க டாக்டரே, எச்சியே மருந்துன்னா எங்கூர்ல அத்தன பேருக்கும் பல்லு முத்தாட்டமல்ல இருக்கோணும்? இதுக்கா ரயிலுக்குக் காசு குடுத்து வந்தோம்?"

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

வீட்டில் இன்னொரு கூத்து. களி தின்றால் கல்யாணப் பெண் கறுத்துவிடுவாள் என்று அம்மா உனக்குக் கேழ்வரகையே நிறுத்தி, அரிசிச் சோறும் புளி ரசமுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தொண்டை வறளக் கத்தினேன். செங்கல் பொடியைக் குப்பைக்குழியில் கொட்டினேன்; நீ மறுநாளே இடித்துவிட்டாய். "பூசின சுவரு காயறதுக்குள்ள யாராச்சும் சுரண்டுவாங்களா?" என்றேன்.

"அப்ப நீ செவுத்துக்கே வாக்கப்படு. பொண்ணு பாக்க வாரவங்ககிட்ட, இருங்க, எச்சி வேல செஞ்சுட்டு இருக்குதுன்னு சொல்லட்டுமா?"

கடைசியில் கூச்சம் தாங்காமல்தான் நிறுத்தினாய், நான் சொல்லி அல்ல. முனகிக்கொண்டே களி தின்றாய், பால் குடித்தாய். சில மாதங்களில் கூச்சம் நின்றது. சுண்ணாம்பாய் வெளிறிக் கிடந்த இடம் மெல்ல வழவழப்பாகி, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்றானது. பெண் பார்க்க வந்தவர்களோ உன் பல்லை ஏறிட்டும் பார்க்கவில்லை. எத்தனை எருமை கறப்பாய் என்று கேட்டுவிட்டு வெற்றிலை மாற்றினார்கள்.

அது போகட்டும். "மாரியாத்தாளுக்கு உப்பு மொளகு போட்டேன், புள்ளி போயிருச்சு" என்று என்னை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் சொன்னாயே! "இவ பாட்டுக்கு ராகி, ராகின்னு கத்திட்டுக் கெடந்தா" என்று வேறு சேர்த்தாய். அன்றைக்கு உன்னோடு பேச்சை நிறுத்தினேன். கல்யாணத்தன்று பேசினேன். அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய்.

போன வாரம் உன் சின்ன நாத்தனார் இங்கே விருந்தாட வந்தாள். அம்மா புளிச்சுளை ஒன்றை நீட்டினாள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்க நங்கை திங்க உடமாட்டாங்க. செங்கலத் தொட்டா அடியே உழுகும்பாங்க. எந்தங்கச்சி படிச்சவ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுவாங்க."

நங்கை என்று அவள் சொன்னது அவளுக்கு அண்ணியான உன்னை. என்னிடம் ஒரு தடவை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா, அக்கா?

சொன்னதையாவது ஒழுங்காகச் சொன்னாயா? எச்சில்தான் மருந்து, ஒரு சொட்டுக்கூடத் துப்பக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாய். பாவம், அந்தப் பெண் பல் துலக்கிய நுரையையும் விழுங்குகிறாள். உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க நங்கை சொன்னதுதான் சரி" என்றாள். உன்னோடு முடியாத வாதத்தை நாலு நாளாக அவளோடு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. இனி நான் என்னத்தைச் சொல்லி அவளிடம் ஜெயிப்பது?