சாத்திய ஜன்னல்கள்

மூன்று வாரமாக என் அழைப்பை எடுக்காத மகளுக்கு,

இந்தத் தொற்று ஓயும்வரை, கடைக்குள் நான்கு பேருக்கு மேல் நின்றால் ஒரு வாரம் பூட்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். ஒரு வாரம் பூட்டினால் உன் ரொட்டிக் கடை மறுபடி எழாது என்று நீ கத்தியதும் நினைவிருக்கிறது. கிருமிக்கு உறவுமுறை தெரியாது என்று நான் சொன்னதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

நேற்று நகர்மன்றத்தில் விவாதம். தெருச் சத்தத்தில் என் பேச்சு எடுபடாது என்று ஜன்னல்களை நானே சாத்தச் சொன்னேன். கடைக்காரர்கள் சார்பில் எழுந்த உன் கணவர், பேசுவதற்கு முன் ஆட்களை எண்ணினார்.

"அத்தை, இந்த அறையில அறுபத்திரண்டு பேர் இருக்கோம். பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில தொங்குது. முதல் பூட்டை எங்க போடலாம், சொல்லுங்க?"

"உங்களுக்கு வாய் ரொம்ப நீளம், மாப்பிள்ளை."

"உங்க பொண்ணுகிட்ட கத்துக்கிட்டது, அத்தை."

மன்றமே சிரித்தது. ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவள் அசடு வழிந்து நின்றேன். பிறகு ஜன்னல்களைத் திறக்கச் செய்து, தீர்மானத்தையும் நானே திருத்தினேன். முதல் முறை மீறினால் எச்சரிக்கை மட்டும். வாடிக்கையாளர்கள் வெளியே வரிசையில் நிற்க நடைபாதையை நகராட்சி ஒதுக்கித் தரும். அதற்கும் அடங்காத கடைக்குத்தான் பூட்டு. ஒரே ஓர் உறுப்பினரைத் தவிர மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் ஆதரித்துக் கை தூக்கினார்கள்.

நாளைக் காலை உன் கடை வரிசையில் நிற்பேன். ரொட்டி வாங்கத்தான் வருகிறேன். பேச விருப்பமில்லையென்றால் பேசாதே. முகக்கவசம் இருப்பதால், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாய் என்று உன்மீது யாரும் பழி சொல்ல முடியாது.

உன் பிடிவாதத்தின் மூலப்பிரதி,
அம்மா