இடிக்காமல் விட்ட தியேட்டர்

புது ரெக்சினும் வார்னிஷும் கலந்த வாசனை சட்டையில் இன்னும் இருக்கிறது. நேற்று சாயங்காலம் நம் தியேட்டரைத் திறந்துவிட்டார்கள். போய்விட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்யாணமான புதிதில் எனக்குக் கன்னடம் தெரியாது. கர்நாடக எல்லையோரத் தளியில் பிறந்த உனக்குத் தமிழ் பாதிதான் புரியும். கம்பெனி விடுமுறை என்றால் ஓசூரில் நமக்குப் போக்கிடம் அந்தத் தியேட்டர்தான். காலையில் கன்னடப் படம், மதியம் தெலுங்கு, மாலையில் தமிழ். கன்னடப் படத்தில் நீ எனக்கு அர்த்தம் சொல்வாய். தமிழ்ப் படத்தில், "ரீ, அவ யாக்கே அழறா?" என்று கன்னடம் கலந்து காரணம் கேட்டு என் தோளை இடிப்பாய். நான் காதோடு காதாகச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். முன்வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். புருஷன் பெண்டாட்டியாக நாம் பேசிப் பழகியதே அந்த இருட்டில்தான்.

பிறகு கூட்டம் குறைந்து தியேட்டரை மூடினார்கள். அட்டைப்பெட்டிக் கிடங்கானது. கட்டியவரின் மகன் அதை இடித்துக் கடைகள் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாய்.

"இடிக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் தொறந்து விடுங்க சார். பாக்கணும்னு நெனைக்கறவங்க பாத்துட்டுப் போவட்டும்."

"யாரும்மா வரப்போறாங்க?"

"வராட்டி இடிச்சிக்கோங்க."

தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜூஜுவாடியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். படம் இல்லாத திரைக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வாசலிலேயே நின்று பார்த்தார். எல்லோரும் போன பிறகு உன்னிடம் வந்து, "எங்கப்பா கட்டினதும்மா. இடிக்க மனசு வரல," என்றார்.

புதுப்பிக்கும் வேலை தொடங்கிய சமயத்தில்தான் உன் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஆட்டோவை அங்கே நிறுத்தச் சொல்வாய். கடைசி முறை உன்னால் இறங்க முடியவில்லை. சாரத்தில் நின்று வெள்ளையடித்தவரை அண்ணாந்து பார்த்து, "சீக்கிரம் முடிங்கண்ணா," என்றாய்.

"மொத ஆட்டத்துக்கு வந்துருங்கக்கா!"

நீ சிரித்துத் தலையாட்டினாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

நேற்று விளக்கு அணையும் நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்து இருக்கையில் என் துண்டு கிடந்தது. நான் எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அண்ணா, இங்க ஆள் வராங்களா?"

"இல்லம்மா. யாரும் வரல. உக்காரு."

துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உன்னை எரித்துவிட்டு வந்த அன்றுகூட நான் வாய்விட்டுச் சொல்லாதது அது. சொல்லிவிட்டேன். சொன்ன பாரம் வீட்டுக்கு வந்தும் இறங்கவில்லை.