கொதித்த வேனில் வந்த தம்பதி

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஒரு பழைய வேன் பட்டறைக்கு வந்தது. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து ஊர் சுற்றுகிற வேன். வந்தவர்கள் நம் வயதுக் கணவன் மனைவி. மேடு ஏறினால் இன்ஜின் கொதித்துவிடுகிறதாம். தண்ணீர் ஒழுகவில்லை, விசிறியும் சுற்றியது. ஆனால் இன்ஜின் கொதிக்கும்போதும் ரேடியேட்டருக்குப் போகும் குழாய் சில்லென்று இருந்தது. தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் சிக்கி, தண்ணீரை ஓடவிடாமல் தடுத்திருக்கிறது. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து அதை மாற்றினேன்.

அதுவரை அவர்கள் வேனுக்குள் ஒரே தம்ளரில் டீ குடித்துக்கொண்டு, வழி தவறியது யாரால் என்று சண்டை போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சண்டை போடக்கூட நீ பக்கத்தில் இல்லையே. சாமான் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி அவர்கள் பயணத்தைக் கெடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா, "எங்களால லேட்டாயிடுச்சு. வீட்டுல திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"திட்டுவா. வாசல்லயே நிப்பா" என்றேன்.

தலைவலித் தைலம் ஒன்று அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்காதே. ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டு.

பெரியவளின் அப்பா