எந்த வழியில் முறை

மே 27, புதன்
காலையிலேயே அனல். வாங்க: தயிர், ரவை.
கிராஃப் டேட்டாபேஸ் ஒன்று தேர்ந்தெடுக்கணும். ஓப்பன் சோர்ஸ், என் பழைய லேப்டாப் தாங்கணும். சும்மா கற்றுக்கொள்ள என்று ஆபீஸில் சொன்னேன். பொய். ஞாயிறு அன்று ஸ்ரீபாலன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நானும் அவனும் பேசி வரவழைத்ததுதான். நேற்று சித்தப்பா போனில் அம்மாவிடம்: "அண்ணி, அந்தப் பையன் நம்ம பொண்ணுக்கு அண்ணன் முறை ஆவுதே."

நாங்கள் தமிழ் ஜைனர். மொத்தமே சில ஊர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அந்த டேட்டாபேஸில் ஆளுக்கொரு புள்ளி, உறவுக்கொரு கோடு போட்டால் யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்துவிடும்.

மே 28, வியாழன்
எல்லாரும் சொல்கிற பெரிய டேட்டாபேஸ். ஜாவா கேட்டது, மெமரி கேட்டது. லேப்டாப் கொதிக்குது. சொந்தக்காரர்கள் 112 பேரை ஏற்றி, எனக்கும் ஸ்ரீக்கும் நடுவே மிகக் குறுகிய வழி கேட்டேன். ஒரு நொடி. அவன் அம்மாவைப் பெற்றவளும் என் அம்மாவைப் பெற்றவளும் அக்கா தங்கை. ஆக, அண்ணன்.
டேட்டாபேஸ் சரியில்லை. அழித்தேன்.

மே 29, வெள்ளி
சின்னது ஒன்று. சர்வர் வேண்டாம், ஒரே ஃபைல், பைத்தானோடு ஓடுகிறது. கற்கிறவர்களுக்கு இதுதான் லாயக்கு. செய்தவர்களே கைவிட்டதாகக் கேள்வி, இருக்கட்டும். இதிலும் அதே பதில். கடுப்பில் செங்கம் ரோடு வரை நடந்தேன். பொழுது சாயுது, சாப்பிட வா என்று அம்மா போன்.
சாப்பிடும்போது உறைத்தது. எல்லா வழியும் கேட்கவில்லையே.
கேட்டேன். இரண்டு. மற்றது நீளம்: அவன் அப்பாவின் அப்பாவும் என் அம்மாவின் அப்பாவும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அப்படிப் பார்த்தால் அவன் அப்பா எனக்கு மாமா. ஸ்ரீ மாமன் மகன்!
அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "இந்த வழியில கட்டிக்கிற முறைதான்டி. நம்ம ஜனத்துல ரெண்டு வழி இல்லாத ஜோடி யாரு? வரட்டும்." சித்தப்பாவுக்கும் அவளே சொல்லிவிட்டாள். அழுகை வந்துவிட்டது எனக்கு.

மே 30, சனி
ஒட்டடை அடித்தாச்சு. இரண்டு வழியையும் படமாக ஸ்ரீக்கு அனுப்பினேன், காலை 9. நீல டிக். 11 மணி, ஒன்றுமில்லை. 2 மணி, ஒன்றுமில்லை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம், பஸ் கிடைக்குமான்னு பார்க்கிறாங்களோ என்னவோ என்றாள் அம்மா. நாலு மணிக்கு வந்தது.
"நாளைக்கு வரல. சித்திகிட்ட சொல்லிடு."
என் அம்மாவை இதுவரை அவன் அத்தை என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.